கழுநீர்ப் பானையும் எருக்குழியும்

எங்க அப்பத்தா காலத்துல காய்கறித் தோல், சோறு வடிச்ச கஞ்சி எல்லாம் கழுநீர்ப் பானைக்குப் போகும், மாடு குடிக்கும். சாணி, அடுப்புச் சாம்பல், கூட்டின சருகு எருக்குழிக்கு. மாட்டை வித்த பிறகுதான் தோலெல்லாம் 'குப்பை' ஆச்சு. வாளியில் சேர்த்துப் பார்த்தேன். நாலே நாளில் புழு, நாத்தம். வீட்டம்மா வாளியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள்.

விடை பழசுதான். 1924 முதல் இந்தூரில் ஆராய்ந்த ஆல்பர்ட் ஹோவர்ட், செடிக்கழிவு, சாணம், சாம்பல், மண் என்று அடுக்கி, இடையிடையே புரட்டி மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை 1931-ல் யஷ்வந்த் வாடுடன் சேர்ந்து புத்தகமாக்கினார். ஈரத்தோடு காய்ந்தது, உள்ளே காற்று: அதுதான் சூட்சுமம். எங்க குழியில் சருகு செய்த வேலையும் அதேதான்.

இப்போ வாளிக்குப் பக்கத்திலேயே ஒரு சாக்குச் சருகு. ஒரு கை தோலுக்கு இரண்டு கை சருகு. வாளி அடுப்படிக்கே திரும்பி வந்தாச்சு.