லயத்து வீடும் கணினியும்: பாயான் லெப்பாஸ் வழியாக ஒரு வரலாறு

நம்மில் பலருக்கு லயத்து வீடு தெரியும். நீண்ட கூரை ஒன்று. அதன் கீழே பத்துப் பன்னிரண்டு குடும்பம். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனி அடுப்பு. எந்த வீடு யாருக்கு என்று ஒதுக்குபவர் ஆபீஸ் கிராணி. ஒரு கணினியைப் பல கணினிகளாகப் பிரித்துப் பயன்படுத்தும் 'மெய்நிகராக்கம்' என்னும் முறையை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. உண்மையில் இருக்கும் இயந்திரம் ஒன்றுதான். அதன் மேல் கிராணி மாதிரி ஒரு மென்பொருள் உட்கார்ந்துகொண்டு, நினைவகத்தில் இவ்வளவு உனக்கு, வேலை நேரத்தில் இவ்வளவு அவனுக்கு என்று பங்கிடுகிறது. பங்கு வாங்கிய ஒவ்வொன்றும் தன்னை முழுக் கணினி என்றே நினைத்துக்கொள்கிறது. லயத்தில் பக்கத்து வீட்டுச் சண்டை நம் காதில் விழும். இங்கே அது விழாது. ஒரு பங்கு கெட்டு நின்றுபோனாலும் அடுத்தது தன் பாட்டுக்கு நடக்கும்.

இந்த யோசனை புதுசு அல்ல. 1960-களில் கணினி என்றால் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம். நம் நாட்டுக்கு முதல் கணினி வந்ததே 1966-இல்தான். தேசிய மின்சார வாரியத்தில் வைத்த ஐ.பி.எம். 1440. அவ்வளவு விலையுள்ள பொருளை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் வரிசையில் நிற்பதா? அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 1967-இல் ஒரே இயந்திரத்தைப் பலருக்கும் தனித்தனி இயந்திரமாக இயக்கிக் காட்டினார்கள். 1972 ஆகஸ்டில் வி.எம்./370 என்ற பெயரில் அதை உலகுக்கு அறிவித்தார்கள்.

அதே 1972-ஐ பினாங்குக்காரர்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள். 1969-இல் தீவின் வரியில்லாத் துறைமுகச் சலுகை பறிபோனது. வேலையில்லாதவர் பெருகினார்கள். அப்போது முதலமைச்சராக இருந்த லிம் சோங் இயூவின் அரசாங்கம் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வட்டாரத்தைத் தொடங்கியது. வயலாகக் கிடந்த இடத்தில் இன்டெல் வந்தது. ஹியூலெட் பேக்கார்டும் வந்தது. பாலம் திறந்தது 1985-இல்தான். அதுவரை அக்கரையிலிருந்து வேலைக்கு வருபவர்கள் பெர்ரி ஏறித்தான் வரவேண்டும். தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் அந்த வேலைக்குப் போனார்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வச்சு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டும் வேலை. அந்தச் சிப் எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று அந்த அக்காமார்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அவர்கள் பிள்ளைகளாவது தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மேசைமேல் வைக்கும் சின்னக் கணினிகளுக்கு மெய்நிகராக்கம் ஒத்துவராது என்றே பலர் நம்பினார்கள். இன்டெல் சிப்பின் அமைப்பு அப்படி. 1998-இல் கலிபோர்னியாவில் பிறந்த வி.எம்.வேர் நிறுவனம் மென்பொருள் சாமர்த்தியத்தால் அதைச் சாதித்தது. 2005-இல் இன்டெலே அந்த வசதியைச் சிப்புக்குள் வைத்துவிட்டது. பழைய பெண்டியம் சிப்புகள் பலவற்றின் மூடியில் 'மலாய்' என்று பொறித்திருக்கும். நம் நாட்டில் முடிக்கப்பட்டவை என்று அர்த்தம்.

இதில் லாபம் என்ன என்று கேட்பீர்கள். முன்பு ஒரு வேலைக்கு ஒரு சர்வர் என்று வாங்கி வச்சாங்க. பெரும்பாலான நேரம் அது சும்மா சூடாகிக்கொண்டிருக்கும். அதைக் குளிர்விக்கவும் மின்சாரம். இப்போது பல சர்வர்களின் வேலையை ஒன்றே பார்க்கிறது. தவிர, மெய்நிகர் கணினி என்பது முழுவதும் சில கோப்புகள்தான். நகல் எடுத்து வைக்கலாம், வேறு இயந்திரத்துக்குத் தூக்கிப் போகலாம். ஆபத்தும் உண்டு. கூரையில் தீப்பிடித்தால் லயம் முழுதும் போகிற மாதிரி, அடியிலுள்ள இயந்திரம் படுத்தால் மேலே உள்ள அத்தனையும் படுக்கும். ஆகையால் விவரம் தெரிந்தவர்கள் இரண்டாவது இயந்திரம் ஒன்றைத் தயாராக வைத்திருப்பார்கள்.

ஹியூலெட் பேக்கார்டின் சிப் பிரிவு 1999-இல் எஜிலெண்ட் ஆனது, 2005-இல் அவாகோ, 2016-இல் பிராட்காம். பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தது, வேலை பாயான் லெப்பாசிலேயே நடந்தது. பிராட்காம் தலைவர் ஹோக் டான் பினாங்கில் பிறந்தவர். உபகாரச் சம்பளத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் படிக்கப் போனவர். 2023 நவம்பரில் அந்த பிராட்காம் வி.எம்.வேரையே வாங்கிவிட்டது! அடுத்த மாதமே, ஒருமுறை காசு கட்டி நிரந்தரமாக வாங்கும் முறையை நிறுத்திச் சந்தா முறையைக் கொண்டுவந்தது. செலவு ஏறிவிட்டது என்று வாடிக்கையாளர் பலர் குறைப்பட்டார்கள். ஊர்க்காரர் என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனாலும் நம்மைப் போன்ற பள்ளிகள் இலவச மென்பொருளையே நாடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

2007-இல் வெளிவந்த வெர்ச்சுவல் பாக்ஸ் அப்படிப்பட்டது. எட்டு ஜிகாபைட் நினைவகம் உள்ள சாதாரணக் கணினியிலேயே விண்டோசுக்குள் லினக்சை ஓட்டிப் பார்க்கலாம். மாணவன் தவறாக எதையாவது அழித்துவிட்டாலும், எடுத்து வச்ச நகலைப் போட்டால் பழையபடி வந்துவிடும். சில கணினிகளில் சிப்பிலுள்ள அந்த 2005-ஆம் ஆண்டு வசதி அணைத்தே இருக்கும்; அதை முதலில் திறக்க வேண்டும். பள்ளி திறந்ததும் சனிக்கிழமை காலைகளில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டப்போகிறேன். தொழிற்சாலையில் வேலை பார்த்த அம்மாமார்களும் அவசியம் வரலாம்.