சதுப்பு நிலத்தை நூறு முறை வரைந்தவர்



சதுப்பு நிலம் என்றால் நம்மில் பலருக்கும் கொசுவும் சேற்று நாற்றமும்தான் நினைவுக்கு வரும். கொஞ்சம் விவரமானவர்கள், "மண் கொட்டி மேடாக்கினால் எத்தனை மனை தேறும்?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட நிலத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் வரைந்தார் ஓர் அமெரிக்க ஓவியர். அவர் பெயர் மார்ட்டின் ஜான்சன் ஹீட் (1819–1904).

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் பணக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 1859-இல் நியூயார்க்கில் ஃப்ரெடெரிக் சர்ச் என்ற ஓவியர் 'ஆண்டிஸின் இதயம்' என்ற படத்தைக் காட்சிக்கு வைத்தார். ஐந்தரை அடி உயரம், பத்தடி அகலம். பனிமலை, அருவி, காடு எல்லாம் அதில் உண்டு. 25 சென்ட் கட்டணம் கொடுத்துப் பல ஆயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். படம் 10,000 டாலருக்கு விலைபோனது. சர்ச்சின் நண்பரான ஹீட்டும் அந்தக் காலத்தில் அதே கட்டடத்தில்தான் அறை எடுத்திருந்தார். பிரம்மாண்டத்துக்கு எவ்வளவு கிராக்கி என்பது அவர் கண்ணெதிரே தெரிந்தது. ஆனாலும் அவர் தேர்ந்தெடுத்தது மலையோ அருவியோ இல்லாத தட்டை நிலம்: மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூபரிபோர்ட் ஊரையொட்டிய உப்புச் சதுப்பு.

அந்தச் சதுப்பு அந்த ஊர் விவசாயிகளுக்குச் சோறு போட்ட நிலம். உழவு வேண்டாம், விதை வேண்டாம், உரமும் வேண்டாம்; புல் தானாக வளரும். அமாவாசை, பௌர்ணமியையொட்டிக் கடல் நீர் ஏறுவதைக் கணக்கிட்டு, நீர் வடிந்திருக்கும் நாட்களில் அறுப்பார்கள். அறுத்த புல்லை, சேற்றில் வரிசையாக ஊன்றிய கட்டைகளின் மேல் போராகக் குவிப்பார்கள். அடுத்த முறை தண்ணீர் ஏறினாலும் போர் நனையாது. குளிர்காலத்தில் சதுப்பு உறைந்ததும் சறுக்கு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மாட்டுக்குத் தீவனம் அதுதான், தொழுவத்தில் படுக்கையும் அதுதான்.

இந்தப் போர்களைத்தான் ஹீட் திரும்பத் திரும்ப வரைந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட சதுப்பு நிலப் படங்கள் அவருடையவை. பிரான்ஸில் மோனே தம் புகழ்பெற்ற வைக்கோல் போர் வரிசையை வரைந்தது 1890–91-இல். அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஹீட் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார். அவருடைய படங்கள் பெரும்பாலும் சிறியவை; அகலம் உயரத்தைப்போல இரண்டு மடங்கு இருக்கும். பாதிக்கு மேல் வானம். நம் கண்ணைப் படத்துக்குள் அழைத்துப்போக மலையோ மரமோ இல்லாததால், அருகே ஒரு பெரிய போர், தூரத்தில் சிறிது சிறிதாகக் குறையும் போர்கள், நடுவே வளைந்து போகும் ஓடை என்று அமைத்தார். இடம் ஒன்றேதான். காலை மூடுபனி, மழை விட்ட வெளிச்சம், அந்தி என்று பொழுது மட்டும் மாறும்.

இதற்கு எண்ணெய் வண்ணம் கைகொடுத்தது. அது மெதுவாக உலரும் என்பதால், வானத்தின் மஞ்சள் எங்கே முடிந்து சாம்பல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி இழைத்துவிடலாம். இன்று வகுப்புகளில் பலர் எடுக்கும் அக்ரிலிக் 1950-களில்தான் பரவலாகக் கடைக்கு வந்தது. அது நிமிடங்களில் உலர்ந்துவிடும். அதில் நீர்நிலை வரைபவர்கள் வானத்தையும் அதன் பிரதிபலிப்பையும் ஒரே மூச்சில், ஈரம் காயும் முன் முடிப்பது நல்லது. தண்ணீரில் தெரியும் வானத்தை உண்மையான வானத்தைவிட ஒரு படி மங்கலாக வைத்தால் தண்ணீர் தண்ணீராகத் தெரியும். இந்த விதி இரண்டு வண்ணத்துக்கும் பொருந்தும்.

1883-இல் ஹீட் ஃபுளோரிடாவில் குடியேறினார். அங்கும் சதுப்பு நிலங்களை வரைந்தார். 'டிடிமஸ்' என்ற புனைபெயரில் ஒரு வேட்டை இதழுக்குப் பல ஆண்டுகள் கடிதம் எழுதினார். தாமும் வேட்டைக்காரர்தான் என்றாலும், கண்மூடித்தனமாகப் பறவைகளைச் சுட்டுத் தள்ளுவதைக் கண்டித்தார்.

1904-இல் அவர் இறந்தபோது கலை உலகம் அவரை ஏறக்குறைய மறந்திருந்தது. 1943-இல் அவருடைய புயல் படம் ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட பிறகே மறுபடி பேசப்பட்டார். அதன் பிறகும், இண்டியானா மாநிலத்தில் ஒரு வீட்டில் அவர் வரைந்த மக்னோலியா பூப்படம் சுவரிலிருந்த ஓட்டையை மறைக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. 1999-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகம் அதை வாங்கியது. விலை பன்னிரண்டரை லட்சம் டாலர்!

சதுப்பு நிலத்துக்கும் மதிப்பு வந்தது, தாமதமாக. மாசசூசெட்ஸ் 1963-இல் கடலோரச் சதுப்புகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. அமெரிக்க மாநிலங்களில் அதுவே முதல். புயல் அலையைத் தாங்குவதும், மீன் குஞ்சுகளை வளர்ப்பதும், பறவைகளுக்கு இடம் தருவதும் அந்த நிலம்தான் என்று அதற்குள் புரிந்துவிட்டது. ஓவியம் அசலாகவே இருந்தது; ஓட்டையை அடைத்த நாளிலும் அதன் மதிப்பு குறையவில்லை. நிலமும் அப்படியே. ஆனால் ஓர் வேற்றுமை உண்டு. ஓட்டையை அடைத்த படத்தைக் கழற்றித் துடைத்து மாட்டிவிடலாம். மண் கொட்டி மூடிய சதுப்பை அப்படி மீட்க முடியாது. எனவே அதன் விலையைக் கணக்கிடும் வேலையை மண் லாரி வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.