சராசரியில் சேராத மாவட்டங்கள்

ஒரு நாட்டின் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு தரமானதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? கட்டடங்களையும் கட்டில்களையும் எண்ணிக்காட்டுவது அமைச்சர்களுக்கு எப்போதும் பிடித்தமானது. கட்டமைப்பு, செயன்முறை, விளைவு என மூன்றாகப் பிரித்து நோக்க வேண்டும் என்று அவெடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவ அறிஞர் எழுதியது 1966இல்தான்.

இலங்கை அதற்கு முன்பே விளைவுகளை எண்ணத் தொடங்கிவிட்டது. 1926இல் ராக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. வரையறுத்த ஒரு பிரதேசத்தின் மக்கள் அனைவருக்கும் ஒரு வைத்திய அதிகாரியும் அவர்கீழ் பரிசோதகர்களும் மருத்துவ மாதரும் பொறுப்பாயினர். இதன் முக்கியத்துவம் பலருக்கும் புரிவதில்லை. வைத்தியசாலைப் பதிவேடு, வாசலுக்கு வந்தவர்களை மட்டுமே அறியும். வீடுவீடாகச் செல்லும் மருத்துவ மாதின் பதிவேடோ வராத கர்ப்பிணியையும் அறியும். எத்தனை பேருக்குள் எத்தனை பேர் என்று கணக்கிடாமல் தரத்தை அளக்க இயலாது.

மலேரியாக் கொள்ளைநோய் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுசென்ற காலத்தில், 1935இல், ஆயிரம் பிறப்புகளுக்கு 263 சிசுக்கள் இறந்தன. 1947இல் அது 101 ஆகக் குறைந்தது. 1985இல் வெளியான ராக்பெல்லர் மன்ற அறிக்கை, குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்டவை எனச் சீனா, கொஸ்தாரிக்கா, கேரளம் ஆகியவற்றுடன் இலங்கையையும் பாராட்டியது. பெருமைக்குரியதுதான்; மறுப்பதற்கில்லை.

ஆனால் சராசரி என்பது பலரை மறைத்துவிடும். தோட்ட நிர்வாகங்களின் மருந்தகங்களை நம்பியிருந்த மலையகத்தில் சிசு மரண வீதம் பல தசாப்தங்களாகத் தேசிய சராசரியை விஞ்சியே நின்றது. அங்கே எண்ணாவது இருந்தது. 1987இன் குடித்தொகை, சுகாதார ஆய்வு வடக்கையும் கிழக்கின் பெரும்பகுதியையும் விட்டுவிட்டது. 1993இல் இரு மாகாணங்களும் சேர்க்கப்படவில்லை. 2006-07இல் வடக்கின் ஐந்து மாவட்டங்கள் விடுபட்டன. யுத்தத்தில் களப்பணி செய்வது கடினம் என்பது நியாயமான காரணமே. எனினும் அடிக்குறிப்பைப் படிக்காதவருக்கு அவ்வெண்கள் முழு இலங்கையின் எண்களாகவே தோன்றின. இடப்பெயர்வும் மருந்துத் தட்டுப்பாடும் எங்கே மிகுந்திருந்தனவோ, அந்த இடமே கணக்கில் இல்லை.

அந்த ஆய்வுத் தொடரில் 25 மாவட்டங்களும் முதன்முறையாக உள்ளடக்கப்பட்டது 2016இல். அதற்குள் எத்தனையோ தாய்மார் இறந்துவிட்டனர். எத்தனையோ பேர் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் போய்விட்டனர். அங்கே எஞ்சியிருந்த பெண்களிடம் மட்டுமே கேள்விக்கொத்து பதில் கேட்டது.