மரபியலின் இலைப்பெயர்களும் வித்திலைப் பாகுபாடும்

தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. இதனை ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டின் முன்னோடியாகக் காட்டுவோர் பலர். பனை, தென்னை, மூங்கில் ஆகியன புல்லினத்துள் அடங்குவது அக்கருத்துக்கு வலுவூட்டுகிறது. பனந்தண்டில் சாற்றுக்குழாய்க் கற்றைகள் விளிம்பில் நெருங்கி அமைவதால் புறம் உரம் பெறுகிறது. நடுப்பகுதி மென்மையாகவே நிற்கிறது. பனை பிளக்கும் தச்சரும் இதனை அறிவர். எனினும் ஜான் ரே 1682இல் கொண்ட அளவுகோல் விதைக்குள் இருக்கும் முதல் இலை. மரபியலின் அளவுகோல் தண்டின் வயிரம். இரண்டும் பெரும்பாலும் ஒத்துச்செல்லினும் ஒன்றல்ல. இருவித்திலைத் தாவரமான முருங்கையில் அகவயிரம் காணப்படுவதில்லை.

மரபியலின் தனிச்சிறப்பு வேறிடத்தில் உள்ளது. ஓலை, மடல், ஏடு, ஈர்க்கு, பாளை முதலிய பெயர்களைப் புல்லுக்கும், இலை, தளிர், முறி, குழை முதலியவற்றை மரத்துக்கும் அது உரிமையாக்குகிறது. பாளை பூங்கொத்தை மூடும் இலைத்திரிபு என்பது இன்றைய தாவரவியலின் முடிவு. மரபியலும் அதனை ஓலையோடு ஒரே நிரலில் வைத்துள்ளது. ஆயினும் அந்நிரலில் குலையும் இடம்பெறுவதால், உறுப்பொப்புமை கண்டு அமைத்ததாகக் கொள்ளுதல் மிகை. அது சொல்வழக்கைக் காத்த நூற்பா. அவ்வழக்கும் முழுதாக நிலைக்கவில்லை: ஒருவித்திலைத் தாவரமான வாழைக்கு இலை என்பதே வழங்குகிறது. பனையையோ மக்கள் மரம் என்றே அழைக்கின்றனர். அதன் இலையை மட்டும் இன்றும் ஓலை என்கின்றனர்.