எடையும் தரமும்: சென்னையில் நெகிழிக் கழிவு சாலைப்பொருளான வரலாறு (1989–2020)

முன்னுரை

மத்திய சென்னையின் நுங்கம்பாக்கத்தில் உள்ள ஜம்புலிங்கம் தெருவில் 2002-ஆம் ஆண்டு நெகிழிக் (பிளாஸ்டிக்) கழிவைப் பயன்படுத்தித் தார்ச்சாலை அமைக்கப்பட்டது. இந்தியாவில் இம்முறையில் உருவான தொடக்ககாலச் சாலைகளுள் அது ஒன்று. முறையை வகுத்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன். அக்கல்லூரி 2006-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இதைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர் ஒருவரின் வாழ்க்கை வரலாறாகவே அமைந்துள்ளன. சாலைக்குள் சென்ற நெகிழி யார் கைகளின் வழியாக, எந்நிலையில் வந்தது என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது. சென்னையில் இம்முறையின் எல்லைகளை வேதியியலைக் காட்டிலும், குப்பை சேகரிப்புக்குக் கூலி கணக்கிடப்பட்ட விதமே வரையறுத்தது என இக்கட்டுரை வாதிடுகிறது.

காயலான் கடை வாங்காத பொருள்

கழிவைப் பொருளாக்குவது சென்னைக்குப் புதிதன்று. பழைய ஈயத்துக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த தெரு வணிகர், பழைய பேப்பர்க் கடை, காயலான் கடை ஆகியவற்றைக் கொண்ட மறுபயன்பாட்டுப் பொருளாதாரம் மாநகராட்சியின் துணையின்றியே இயங்கி வந்தது. தாள், கண்ணாடி, இரும்பு, தடித்த நெகிழிக் குடம் ஆகிய அனைத்துக்கும் அங்கே விலை உண்டு. மெல்லிய பைகளுக்கும் உறைகளுக்கும் பெரும்பாலும் விலை இல்லை. எடை குறைவு, அழுக்கு மிகுதி, தரம்பிரிக்கும் உழைப்புக்கு ஈடான வரவு கிடைப்பதில்லை.

வாசுதேவனின் முறை பயன்படுத்திக்கொண்டது இந்த மிச்சத்தைத்தான். நெகிழியைத் தாரில் கரைப்பது அதற்கு முன்பே அறியப்பட்ட வழி. அதில் சிறிதளவே கலக்க இயலும், கலந்ததும் பிரிந்துவிடக்கூடும். அவர் வரிசையை மாற்றினார். ஏறத்தாழ 160 முதல் 170 பாகை செல்சியசு வரை சூடாக்கிய ஜல்லியின்மீது துண்டாக்கிய நெகிழி தூவப்படும். அது உருகிக் கல்லின் மேல் மெல்லிய படலமாகப் படிந்தபின் தார் சேர்க்கப்படும். கல்லின் நுண்துளைகள் அடைபடுவதால் நீர் உட்புகுவது குறைகிறது. தாரின் பிடிப்பும் வலுப்பெறுகிறது. மழைநீர் தேங்கித் தார் கழன்று குழி விழும் சென்னைத் தெருக்களுக்கு இது சிறிய பயனன்று. நெகிழி எரிக்கப்படாமல் உருகுவதோடு நிற்பதால் நச்சுவாயு எழுவதில்லை என்பது அவர்தம் விளக்கம். குளோரின் கொண்ட பி.வி.சி. வகை இதனாலேயே விலக்கப்பட்டது. ஜம்புலிங்கம் தெரு உட்படத் தமிழகச் சாலைகள் சிலவற்றை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பின்னர் ஆய்வுக்கு உட்படுத்தியது. இந்தியச் சாலைப் பேரவை 2013-இல் இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

ஒற்றை வழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் நெகிழி, அதாவது சுமார் பத்து இலட்சம் பைகள், தேவைப்படும் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. இக்கணக்கை வியப்புக்காக மேற்கோள் காட்டுவோரே மிகுதி. அதையே திருப்பி வாசித்தால் ஒரு பையின் எடை ஒரு கிராம் என்பது புலப்படும். வரலாற்றாய்வாளர் கவனிக்க வேண்டியது இந்த ஒரு கிராமைத்தான்.

தெருவின் மிதிவண்டியும் டன் கணக்கும்

எம்.பி. நிர்மல் 1989-இல் சென்னையில் எக்ஸ்னோரா அமைப்பைத் தொடங்கினார். ஒரு தெருவின் குடும்பங்கள் சேர்ந்து மாதச் சந்தா செலுத்தி, மூன்று சக்கர மிதிவண்டியுடன் ஒருவரை அமர்த்திக்கொள்வதே அதன் ஏற்பாடு. முன்னர்க் குப்பை பொறுக்கியவர்கள் பலர் இப்பணிக்கு வந்தனர். அவர்களுக்குத் 'தெருவை அழகுபடுத்துபவர்' என்னும் பொருளில் பெயரும் சூட்டப்பட்டது. (பெயர் உயர்ந்த அளவுக்குக் கூலி உயர்ந்ததா என்பது தனி ஆய்வுக்குரியது.) விற்கத்தக்க பொருளின் வருவாய் அவருக்கே சேர்ந்ததால், பிரித்தெடுப்பதில் அவருக்கு நேரடி நலன் இருந்தது. வீட்டு வாசலிலேயே உலர்ந்த பொருளும் ஈரப்பொருளும் பிரியக்கூடிய அமைப்பு அது.

2000-ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்வுகள் ஒருசேர நடந்தன. குப்பையைத் தரம்பிரிக்க வலியுறுத்திய நகராட்சித் திடக்கழிவு விதிகளை மத்திய அரசு பிறப்பித்தது. அதே ஆண்டில், அன்றைய பத்து மண்டலங்களுள் தென் சென்னைப் பகுதிகளை உள்ளடக்கிய மூன்றில் குப்பை அகற்றும் பணி சி.இ.எஸ். ஓனிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அகற்றப்பட்ட குப்பையின் டன் கணக்கில் கட்டணம் வழங்கப்பட்டது. 2007-இல் வேறொரு நிறுவனம் பொறுப்பேற்றபோதும் எடையே அளவுகோலாக நீடித்தது. தெருக்கள் தூய்மையாயின என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இவ்வளவுகோலில் ஈரமான காய்கறிக் கழிவுக்கு மதிப்புண்டு. ஒரு கிராம் பைக்கு இல்லை. உலர்ந்த பையைக் காட்டிலும் சாம்பார் ஒட்டிய பை கூடுதல் எடை தரும். தரம்பிரித்தலை ஒரு சட்டம் கோர, தரம்பிரிக்காமையை ஓர் ஒப்பந்தம் பொருளாதார வகையில் ஊக்குவித்தது. சாலைக்கோ தூய, உலர்ந்த நெகிழியே வேண்டும். ஈரமும் மண்ணும் கலந்த குப்பை லாரியில் அழுந்திப் பெருங்குடிக் கிடங்கைச் சென்றடைந்தபின், அதிலிருந்து நெகிழியை மீட்டுக் கழுவி உலர்த்த ஆகும் செலவு, மிச்சமாகும் தாரின் விலையையே விழுங்கிவிடும்.

ஐந்து இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களைச் சுற்றிய சாலைகளில் நெகிழிக் கழிவைப் பயன்படுத்துமாறு மத்திய அரசு 2015 நவம்பரில் அறிவுறுத்தியது. இந்த ஆணை கேட்பை உருவாக்கியதேயன்றி வரத்தை உருவாக்கவில்லை. 2019 சனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. ஒரே பையை மூலப்பொருளாக ஓர் அரசாணையும் குற்றப்பொருளாக மற்றோர் அரசாணையும் நோக்கும் நிலை இவ்வாறு தோன்றியது. இவ்விரண்டில் தடையே முதன்மையானது என்பது என் கருத்து. சாலையை நெகிழி உற்பத்திக்கான நியாயமாகக் காட்டுவது முறையன்று.

அடையாறு, மயிலாப்பூரை உள்ளடக்கிய தேனாம்பேட்டை, தியாகராயநகரை உள்ளடக்கிய கோடம்பாக்கம் உள்ளிட்ட ஏழு மண்டலங்களின் குப்பைப் பணி 2020-இல் உர்பேசர் சுமீத் நிறுவனத்திடம் சென்றது. இம்முறை கட்டணம் எடையைச் சாராமல், செயல்திறன் குறியீடுகளைச் சார்ந்து வகுக்கப்பட்டது. ஓனிக்ஸ் ஒப்பந்தம் தொடங்கி இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே, பையின் அந்த ஒரு கிராமைப் பொருட்படுத்த இடம்தரும் கணக்குமுறை இப்பகுதிகளுக்கு வந்தது.