காலேஜ் பார்க்கப் போறீங்களா? சீட் போடும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

பிளஸ் 2 ரிசல்ட் வந்த கையோடு சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் காலேஜ்?" என்பதுதான். மதுரை செல்லூர் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கோரிப்பாளையம் பக்கம் போகும்போதெல்லாம் அமெரிக்கன் கல்லூரியின் சிவப்புக் கட்டடங்களையும் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியையும் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆனா ரோட்டில் இருந்து பார்ப்பது வேற, மூணு வருஷம் உட்காரப் போற இடமா என்று உள்ளே போய்ப் பார்ப்பது வேற.

யுனிவர்சிட்டியா, காலேஜா?

1966-ல் தொடங்கிய மதுரை காமராஜர் பல்கலைக்கழகம் தேனி ரோட்டில், நாகமலையை ஒட்டி இருக்கிறது. ஆனால் மதுரையில் டிகிரி படிக்கும் பலரும் சேர்வது அதனுடன் இணைந்த கல்லூரிகளில்தான். பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம், தேர்வு இரண்டையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் 1978-லேயே இந்த அந்தஸ்து கிடைத்துவிட்டது. அதனால் ஒரே பி.எஸ்சி. என்றாலும் கல்லூரிக்குக் கல்லூரி பாடம் மாறும். சேரும் முன் அந்தக் கல்லூரியின் சிலபஸை வாங்கிப் பாருங்க.

நேரில் போனால் எதைப் பார்க்கணும்?

'நான் முதல்வன்' திட்டத்தில் அரசுப் பள்ளி பிளஸ் 2 மாணவர்களைக் கல்லூரிகளுக்குக் களப்பயணம் கூட்டிப் போகிறார்கள். பலருக்கு கேம்பஸுக்குள் கால் வைப்பதே அன்றுதான் முதல்முறை. கேட் முன்னாடி போட்டோ, உடனே ஸ்டேட்டஸ். அதில் தப்பே இல்லை! ஆனால் அன்று காட்டப்படுவது பெரும்பாலும் ஆடிட்டோரியமும் ஸ்மார்ட் கிளாஸும்.

அதனால் சேரும் முன் வேலை நாளில் இன்னொரு தடவை வீட்டாரோடு போங்க. நீங்க கேட்கும் துறையின் லேப் எது, நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், லைப்ரரி எத்தனை மணி வரை என்று கேளுங்க. கழிப்பறையை நேரில் பாருங்க, ஒரு கல்லூரியைப் பற்றி அது நிறையச் சொல்லும். வெளியே டீக்கடையில் நிற்கும் சீனியர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கையேட்டில் இல்லாததெல்லாம் வரும்.

இன்ஜினியரிங் என்றால்?

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். கவுன்சிலிங் ஆன்லைனில் நடக்கிறது. கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். உங்க பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்க ரேங்குக்குக் கிடைக்கிற முதல் இடத்தைத்தான் கணினி ஒதுக்கும். "இது எப்படியும் கிடைச்சிடும்" என்று ஒரு கல்லூரியை முதலில் போட்டால், அதுவே கிடைக்கும். கீழே இருக்கும் கனவுக் கல்லூரி கணக்கிலேயே வராது. அதனால் கிடைக்குமா என்று யோசிக்காமல், ஆசைப்படுகிற வரிசையிலேயே போடுங்க. பாதுகாப்புக்கு நினைக்கும் கல்லூரிகள் கடைசியில் இருக்கட்டும்.

பணத்துக்கு என்ன வழி?

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேர்ந்தால் மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 7.5% உள்ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். கவுன்சிலிங் நேரத்தில் ஓடினால் கூட்டத்தில் சிக்குவீங்க.

சேர்ந்த பிறகு மனசு மாறினால்?

யுஜிசி 2018-ல் வெளியிட்ட அறிவிப்புப்படி, ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தரணும், கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் செயல்முறைக் கட்டணமாகக் கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதி முழுவதும் திரும்ப வரும். கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள் என்றால் 80%, அடுத்த 15 நாளுக்குள் 50%, அதற்குப் பிறகு எதுவும் கிடையாது. எனவே கட்டிய பணத்துக்கு ரசீது வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீங்க.