நாரா நகரில் ஒரு கண் திறப்பு

நம் நாட்டுக் கோயில்களில் புதிய திருவுருவத்தை நிறுவுங்கால், அதன் கண்ணைத் திறந்துவைக்கும் சடங்கு ஒன்று உண்டு. சிற்பியார் உளி கொண்டு செய்யும் அதனைக் கண்டவர் நம்மிற் பலர். ஜப்பானிலும் அவ்வழக்கம் உண்டு; ஆங்கே தூரிகையால் கண்மணி தீட்டுவர். அந்நாட்டின் புகழ்பெற்ற கண் திறப்பு, 752-ஆம் ஆண்டில், அன்றைய தலைநகராம் நாராவில், தோடாய்ஜி என்னும் பௌத்தக் கோயிலில் நிகழ்ந்தது. தூரிகையைப் பிடித்த கை ஓர் இந்தியருடையது.

போதிசேனர் என்பது அத்துறவியின் பெயர். சீனத்தில் தங்கியிருந்து, 736-இல் ஜப்பானை அடைந்தவர். அவர் மறைந்தபின், 770-இல் சீடர் ஒருவர் இயற்றிய நினைவுக் கல்வெட்டு வாசகம் அவரைத் தென்னிந்திய அந்தணர் என்று குறிக்கின்றது. இவ்வொரு சொல்லைக் கொண்டு அவரைத் தமிழரே என்று மார்தட்டுவோரும் உளர். அவ்வளவு துணிதற்குச் சான்று போதாது என்பதே நம் கருத்து. தென்னாட்டார் என்ற அளவில் மகிழலாம், அதுவே சிறிதன்று.

743-இல் ஷோமு மன்னர் ஆணையிட்டு வார்ப்பித்த புத்தர் உருவம் ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் படிமம். போதிசேனர் ஏந்திய தூரிகையிற் பட்டுக் கயிறுகள் பிணைக்கப்பட்டிருந்தன. கூடியிருந்தோர் அவற்றைப் பற்றி நின்றனர். ஒருவர் தீட்டினார், புண்ணியத்தில் அனைவர்க்கும் பங்கு!

அன்று ஆடலும் பாடலும் மிகுதி. கிகாகு என்னும் முகமூடிக் கூத்தும் நடந்தது. அதன் பாத்திரங்களுள் கருரா என்பது நம் கருடனே. பராமோன் என்பவர் பிராமணர்; குழந்தையின் துணி துவைப்பவராக அவரை ஆடி மக்களைச் சிரிக்க வைப்பராம்! விழாவிற் கண் திறந்தவரும் அந்தணர், கூத்தில் நகைப்புக்குரியவரும் அந்தணர்.

இன்று அங்குச் செல்லும் பயணி காண்பது அப்பழைய மண்டபத்தை அன்று. 1180-இலும் 1567-இலும் போர்த்தீ அதனை அழித்தது. இப்போதுள்ளது 1709-இல் முடிந்தது. முன்னையதினும் அகலத்திற் குறுகியது. ஆயினும் மாபெரும் மரக் கட்டடம். புத்தரின் தலையும் பின்னாளில் வார்த்ததே. அருகிலுள்ள இசுய்என் தோட்டத்தில் நின்றால், கோயிலின் தெற்கு வாயிற் கூரையும் அப்பாலுள்ள குன்றும் அத்தோட்டத்தின் பகுதியே போலத் தோன்றும். அயற்காட்சியை இரவல் பெறுதல் அந்நாட்டுத் தோட்டக் கலையின் ஓர் உத்தி.

மண்டபம் எரிந்தது, தூரிகை எரியவில்லை. தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய ஷோசோயின் என்னும் மரக் கருவூலத்தில் அதுவும், கயிறும், கிகாகு முகமூடிகள் நூற்றுக்கு மேற்பட்டனவும் காக்கப்பட்டு வந்தன. முதல் தீக்குப் பின் படிமத்தைச் செப்பனிட்டு, 1185-இல் மீண்டும் கண் திறந்தபோது, முடிதுறந்த மன்னர் கோ-ஷிரகாவா எடுத்தது போதிசேனரின் அதே தூரிகையை. இடையே கழிந்தவை 433 ஆண்டுகள். வழக்கொழிந்திருந்த கிகாகுவும் மண்டபத் திருப்பணி முடிந்த 1980-இல் அக்கோயிலிலேயே மீண்டும் ஆடப்பெற்றது.

கியோட்டோவிலிருந்து நாராவுக்கு விரைவு வண்டியில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். கால அட்டவணையோடு வாழும் நமக்கு இதனைச் சொல்லாது விட மனமில்லை. இலையுதிர் காலத்திற் செல்க. ஆண்டுக்கொரு முறை, அப்பருவத்திலேயே, கருவூலப் பொருள்களுட் சிலவற்றை அந்நகரத்து அருங்காட்சியகத்தில் வைப்பர். தூரிகை எல்லா ஆண்டும் வெளிவருவதில்லை.